பனமலை விழுந்த நாள்

படுக்கையில் கிடக்கிற தம்பியிடம் கம்ப்யூட்டர் விளையாட்டில்கூடத் தோற்க மனம் வராத ஒரு மனிதனை என்னவென்று சொல்வது? கல்நெஞ்சன் என்றாள் மணிமொழி. அதுவும் தாலி கட்டிய புருஷனை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கொழுந்தன் எழிலரசனுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் ரெண்டு நாள் செஞ்சியிலிருந்து விழுப்புரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறான். போன அன்றைக்கு வாந்தி, மறுநாள் முழுக்கப் படுக்கை. கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்த ஆள். கடையை மூடியபோது மிஞ்சிய ஒரு கம்ப்யூட்டரும் அதற்குள் இருக்கும் ஒரு விளையாட்டும்தான் இப்போது அவனுக்குத் துணை.

விளையாட்டு ரொம்பப் பழசு. இன்றைக்குப் பேர்கூட யாருக்கும் தெரியாது. ஒரு குடிசையில் ஆரம்பித்து, ஊர் கட்டி, களஞ்சியம் நிரப்பி, படை திரட்டி, எதிராளியின் ஊர்களைப் பிடித்து சாம்ராஜ்யம் ஆக்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு பேர் மாறி மாறி ஆடலாம். ஒருவர் தன் முறையை முடித்து எழுந்ததும் மற்றவர் உட்கார வேண்டும்.

ஊர்களுக்கு நாமே பேர் வைத்துக்கொள்ளலாம். வளத்தி, அவலூர்பேட்டை, சிங்கவரம் எல்லாவற்றையும் எழிலரசன் பிடித்தாயிற்று. அண்ணன் பாண்டுரங்கன் கையில் மிச்சம் பனமலை ஒன்றுதான். அது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் பாண்டுரங்கன் விழ விட்டால்தானே.

அவன் குட்டியானை வண்டியில் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிப் பிழைக்கிறவன். தம்பி படுத்த பிறகுதான் மவுஸைப் பிடிக்கவே கற்றுக்கொண்டான். சாயங்காலம் வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, தம்பி உடைத்து வைத்திருக்கும் மதிலை அடைப்பான். ஒரு நாளைக்கு ஒரே முறைதான். இன்னொன்று ஆடலாம் என்று எழிலரசன் கெஞ்சினாலும் எழுந்து போய்விடுவான்.

ஒரு தரம் தம்பியின் களஞ்சியத்துக்கே தீ வைத்துவிட்டான். முற்றுகை போட்டிருந்த படை பட்டினியில் திரும்பிப் போனது. அன்று எழிலரசன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மணிமொழியால் தாங்க முடியவில்லை.

"ஒரே ஒரு தபா விட்டுக் குடுத்தா நீங்க இன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ இதுல தலையிடாத" என்று சிடுசிடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். வீம்பு பிடித்த மனுஷன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அமாவாசை அன்று பாண்டுரங்கன் மேல்மலையனூருக்குத் தேங்காய் லோடு ஏற்றிப் போனான். கோயில் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது, விடிந்துதான் வர முடியும் என்று சாயங்காலம் போன் செய்தான். எழிலரசன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் மணிமொழிக்கும் ஆட்டம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். புருஷன் அடைத்து வைத்திருந்த சிப்பாய்கள் அத்தனை பேரையும் பனமலையை விட்டு வெளியே அனுப்பினாள். கோட்டை காலியானது. முறையை முடித்துவிட்டு, திருட்டுத்தனம் செய்தவளைப் போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுந்து வந்த எழிலரசன் திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

"அண்ணன் எப்ப வந்துச்சு அண்ணி?"

"நீ தூங்கும்போது வந்தாரு தம்பி. ஆடிட்டு மறுபடியும் லோடுக்குப் போயிட்டாரு."

"அண்ணனேதான் ஆடுச்சா?"

"பின்ன, நானா ஆடுவேன்?"

பொய்தான். ஒரு நோயாளியின் சந்தோஷத்துக்காகச் சொல்கிற பொய்யில் பாவம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

எழிலரசன் மவுஸைப் பிடித்து உட்கார்ந்தான். நிதானமாகத் தன் படையைப் பனமலைக்குள் நடத்தினான். திரையில் கொடி மாறியது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்த மணிமொழிக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இவ்வளவு சின்ன விஷயத்தைச் செய்ய மனசு வரவில்லையே என்று புருஷன் மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

விடிந்தால் டயாலிசிஸ் நாள். பாண்டுரங்கன் தூக்கமில்லாத கண்ணோடு வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாகத் தம்பியைக் கிளம்பச் சொன்னான். மணிமொழி கிண்ணத்தில் கொஞ்சம் கேசரி எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். ஜெயித்தவனுக்குக் கொடுக்கத்தான்.

எழிலரசன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி.

"இனிமே விழுப்புரம் வேணாம்ணா."

"ஆட்டம் முடியட்டும்டா, பேசிக்கலாம்" என்றான் பாண்டுரங்கன், எப்போதும் சொல்வதைப் போல.

"அதான் நேத்து முடிச்சுட்டியே. பனமலை விழற வரைக்கும் டயாலிசிஸுக்கு வரேன், விழுந்துட்டா என்னைப் போக விட்டுடணும்னு உன்கிட்ட சத்தியம் வாங்குனேன் இல்ல? நீ கடைசி வரைக்கும் விடவே மாட்டன்னு நெனைச்சேன். நீயே கோட்டையத் தொறந்து வுட்டுட்ட. என் வலி உனக்குப் புரிஞ்சிடுச்சு, அது போதும்ணா."