தூக்கிய கைகள்

ஐந்து நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டுப் படையின் வாசலில், எதிரிப் படைக்காரன் ஒருவன் சரணடைய வந்து கைகளைத் தூக்கியபடி மூன்று மணி நேரமாக நிற்கிறான். சோதனை போட்டு அவன் துப்பாக்கியையும் சட்டையையும் வாங்கி வைத்தாயிற்று. ஆளை ஏற்கத்தான் வாசல் காவலர் ஹவில்தார் வேதமுத்துவுக்கு அதிகாரமில்லை. ஐந்து தலைநகரங்களும் சம்மதிக்க வேண்டும். நான்கு சம்மதித்துவிட்டன. ஐந்தாவதில் இன்று விடுமுறை.

“கையக் கொஞ்சம் எறக்கிக்கவா சார்?” என்றான் அவன். நரைத்த மீசையில் வியர்வை வழிந்தது.

“எறக்கிடாதய்யா.” வேதமுத்து காவல் கோபுரத்தில் துப்பாக்கியோடு நின்றவனைக் காட்டினார். “அவன் வேற நாட்டுக்காரன். கை எறங்கினா சுடச் சொல்லி அவனுக்கு உத்தரவு. நான் சொன்னாக் கேக்க மாட்டான்.”

சரணடைய வந்தவனின் கைகள் தாழ ஆரம்பித்தன. ஐந்து நாடுகளையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே வேதமுத்து எதிரே போய் நின்று, அவன் மணிக்கட்டுகளைப் பிடித்து மேலே தூக்கினார்.

கோபுரத்தில் காவல் மாறியது. இருவேறு நாட்டுக்காரர்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே இடம் மாறினார்கள். புதியவன் கீழே எட்டிப் பார்த்தான். பொதுச் சீருடையின் நிறம் இன்னும் முடிவாகாததால் வேதமுத்துவுக்கும் வெறும் பனியன்தான். நான்கு கைகளும் மேலே இருந்தன.

“ரெண்டு பேர்ல நம்மாளு யாரு?”

“நான்தான்யா.”

“அட்டையக் காட்டு,” என்று துப்பாக்கியை நீட்டினான்.

அடையாள அட்டை வேதமுத்துவின் கால்சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கக் கையை இறக்க வேண்டும்.