எழுபது மணி நேரம்

"பதினாலு லட்சம் குடுத்து வாங்குனதுங்க. திருகி விட்டா மூணு நாள் ஓடுது, அப்புறம் நின்னு போயிருது." கோகிலவாணி கணவரின் சுவிஸ் கைக்கடிகாரத்தைக் கடையின் வெல்வெட் தட்டில் வைத்தாள். விற்பனையாளர் கையுறை மாட்டிக்கொண்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார். சஃபயர் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. நூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீரிலும் ஓடக்கூடியது. பேட்டரி கிடையாது, கட்டியிருப்பவரின் கையசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் எழுபது மணி நேரம் தாங்கும்.

"சார் அடிக்கடி கழட்டி வெச்சிருவாருங்களா?"

"இல்லைங்க, கையிலயேதான் கெடக்குது. ஆறு மாசமா ஒடம்பு தொடைச்சு விடறப்பகூட நான் கழட்டறதில்லை."

விற்பனையாளர் கடிகாரத்தை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல ஆட்டினார். விநாடி முள் நகர்ந்தது.

"கை அசைஞ்சா போதும்மா. வாட்ச்ல ஒரு குறையும் இல்லை" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மாலையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து கணவரின் இடது கையில் கடிகாரத்தைக் கட்டினாள். முழங்கையைத் தாங்கிப் பிடித்து, அந்தக் கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டத் தொடங்கினாள். வேலை முடிந்து கிளம்பிய நர்ஸ் ஸ்டெல்லா அறை வாசலில் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்கள் கூரையில் இருந்தன. கை மட்டும் அவளை நோக்கி அசைந்தது.

"போயிட்டு வரேனுங்கய்யா" என்று அவளும் கையசைத்துவிட்டுப் போனாள். வெளிக்கதவு சாத்தப்பட்ட பிறகும் அந்தக் கை விடைகொடுத்துக்கொண்டே இருந்தது.