முள் அசையவில்லை

காற்றூதியை நிறுத்தியதும் அந்தச் சத்தம் கேட்டது.

மெலிசான சத்தம். சைக்கிள் டியூபில் முள் குத்தினால் வருமே, அதைவிடவும் மெலிசு.

ஆகாசம் துணிச் சுவரில் கன்னத்தை வைத்தார். சோதனைக்கென்றே காலையில் மழித்து, இப்போது தண்ணீர் தொட்டுக்கொண்ட கன்னம். விரல் ஏமாந்துவிடும். ஈரக் கன்னம் ஏமாறாது.

ஒன்றும் தெரியவில்லை. துணியோடு துணி சேர்கிற அடுத்த ஒட்டுக்கு நகர்ந்தார்.

வெளியே லாரி நின்றது. அவர் உள்ளே நிற்கும் இந்தப் பொதியைக் காற்றிறக்கி, மடித்து, ஒரு பெட்டிக்குள் அடைப்பார்கள். ராக்கெட்டில் மேலே போனதும் பலூன் மாதிரி ஊதிவிடுவார்கள். ஒரு பஸ் நுழைகிற அகலத்துக்கு விரியும். காசுள்ளவர்கள் போய்த் தங்கி, பூமியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஏதோ ஒரு தனியார் கம்பெனியின் ஆசை.

குழந்தைகள் குதிக்கிற காற்றுக் கோட்டையும் ரப்பர் படகும் ஒட்டிக்கொண்டிருந்த பட்டறைக்கு எப்படியோ இந்த வேலை வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு இதுவும் ஒரு படகுதான்.

அவருக்கு அப்படி இல்லை. எங்கே எந்த ராக்கெட் கிளம்பினாலும் செல்போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். எது வெடித்தது, எது திரும்பி வந்து நட்டுக்குத்தலாக நின்றது என்று கேட்காதவனையும் உட்காரவைத்துச் சொல்வார். ஆகாசம் என்ற பெயர் வந்ததே அப்படித்தான். மேலே போனால் எங்களுக்கும் ஒரு ரூம் போட்டுவையுங்கள் என்று சிரிப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும்.

கிழித்த மெல்லிய காகிதத்தை ஒட்டின்மேல் பிடித்துக்கொண்டே போனார். காகிதம் ஆடவில்லை. சத்தமும் நிற்கவில்லை.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. சூப்பர்வைசர்.

"என்னண்ணே, அங்கேயே குடித்தனம் வச்சிட்டீங்களா? லாரிக்காரன் உசிர எடுக்குறான்."

"எங்கயோ காத்துப் போகுது தம்பி."

"மீட்டர்ல முள்ளு அசையலண்ணே. கண்ணு கொட்டாம அதையேதான் பாத்துட்டு நிக்கிறேன்."

"எனக்குக் கேக்குதே."

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போகுதுன்னா நிறுத்திடுவோம். ஆனா இன்னைக்கு ஏறலேன்னா கம்பெனிக்காரன் வேற பட்டறைக்குப் போயிடுவான். இது குப்பைக்குத்தான்."

அவருக்குத் தெரியும். கசிகிறதைக் கசியவில்லை என்று சொன்னால் மேலே தூங்குகிற யாரோ எழுந்திருக்கவே மாட்டார்கள். கசிகிறது என்று சொன்னால் இது ஒருநாளும் மேலே போகாது.

உள்பக்கத்து ஒட்டு எல்லாம் அவர் போட்டது. மாதக்கணக்கில் இதற்குள்ளேயே மண்டியிட்டுப் பசை தடவியிருக்கிறார். வாடை இன்னும் போகவில்லை. பசைக்காரர்களுக்குத் தினம் ஒரு தம்ளர் பால் கொடுப்பது பட்டறை வழக்கம். நெஞ்சைக் கழுவிவிடும் என்பார் முதலாளி. முதலாளி அந்தப் பாலைக் குடித்து யாரும் பார்த்ததில்லை. அவர் பசைப் பக்கம் வந்தும் யாரும் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளிடம் போனில் சொன்னார்.

"அப்பா ஒட்டின ஒட்டுக்குள்ள மனுஷங்க படுத்துத் தூங்கப் போறாங்கம்மா. ஆகாசத்துல."

"நல்லதுப்பா. முதல்ல அந்த ஜன்னலச் சாத்துங்க. ஒரே காத்துச் சத்தமா இருக்கு."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மாறிவந்த ஒற்றை அறை அது. ஜன்னல் சட்டம் கோணல். விளக்கை அணைத்தால் போதும், உஸ்ஸென்று ஆரம்பித்துவிடும். பட்டறையில் மிஞ்சிய நாடாவைச் சட்டம் முழுக்க ஒட்டினார். நிற்கவில்லை. அதன்மேல் இன்னொரு சுற்று ஒட்டினார்.

பொதியின் கடைக்கோடி ஒட்டுக்கு வந்துவிட்டார். அதற்குமேல் சுவர் இல்லை. மண்டியிட்டுக் கன்னத்தை வைத்தார். இங்கேயும் அதே சத்தம். கூடவுமில்லை, குறையவுமில்லை.

எழுந்து நடுவில் வந்து நின்றார். எந்த ஒட்டும் கைக்கு எட்டாத இடம்.

அங்கேயும் அதே அளவு கேட்டது.

மூச்சைப் பிடித்தார்.

நின்றது.

விட்டார். உஸ்ஸென்றது.

இன்னொரு முறை பிடித்தார். முடிந்தவரை பிடித்து வைத்திருந்தார். பொதி முழுக்க அப்படி ஒரு அமைதி. மேலே போனால் இப்படித்தான் இருக்கும்போல.

வாக்கிடாக்கியை எடுத்தார்.

"காத்து எங்கயும் போகல தம்பி. ஏத்திடுங்க."

"அப்ப ஏதோ கேக்குதுன்னீங்க?"

"அது இதுல இல்ல."

வெளியே விசிலடித்தார்கள். யாரோ லாரியின் பின்கதவைத் தடாலென்று திறந்தார்கள். அவர் உள்சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார். இறுக்கமாக, கன்றுக்குட்டி வயிறு மாதிரி இருந்தது.

"சீக்கிரம் வெளிய வாங்கண்ணே," என்றான் சூப்பர்வைசர். "உங்க பால் ஆறிப்போகுது."

"இதோ" என்றார்.

வீட்டுக்குப் போனதும் ஜன்னலில் ஒட்டிய நாடாவைப் பிய்த்துவிட வேண்டும். பாவம், அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.