இரண்டு கிளைகளில் அன்னா

இரண்டு அன்னாக்களில் ஒருத்தியை அழித்தே ஆக வேண்டும்.

ஜெர்மனியில், எசன் நகரில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து நேரமாகிவிட்டது. பங்கு மண்டபத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் எனக்குக் கணினி நிரல் எழுத வராது. அலுவலகம் என்றால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன், போய்விடுவார்கள். இங்கே நிற்கிறவர்களுக்கு ஊரில் ஆட்களைக் காணவில்லை. இவர்களை என்னவென்று விரட்டுவது.

2009 யூன் மாதம். இலங்கையில் போர் முடிந்து, உயிரோடு வந்தவர்களை முகாம்களில் வைத்திருந்தார்கள். அங்கே பதிந்த பெயர்களை ஓர் உதவி அமைப்பு எங்களுக்கு அனுப்பும். இங்குள்ள உறவினரின் விவரங்களைச் சேர்த்து நாங்கள் திருப்பி அனுப்பினால், பிரிந்த குடும்பங்களை ஒரே முகாமில் சேர்க்கப் பார்ப்பார்கள்.

எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவத்தில். மரம் மாதிரி. முகாம் ஒரு கிளை, அதிலிருந்து குடும்பம், குடும்பத்திலிருந்து ஆட்கள்.

ஒரே ஆள் மரத்தில் இரண்டு தடவை வந்தால் அவர்களுடைய கணினி முழுச் செய்தியையும் தூக்கி எறிந்துவிடும். ஒரு பெயருக்காக, மண்டபத்தில் நின்ற அத்தனை பேருடைய விவரங்களும் போகாமல் கிடந்தன.

அந்தப் பெயர் அன்னா. ஆறு வயது, தகப்பன் பெயர் ராசன். ஒரு முகாமில் தாய் டெல்சிக்குக் கீழே அன்னா. இன்னொரு முகாமில் தகப்பன் ராசனுக்குக் கீழே அதே அன்னா, அதே பிறந்த திகதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களிடம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், பக்கத்தில் இல்லாதவரையும் சேர்த்துத்தான் சொல்லுவார்கள். ஒரு பெயரை விட்டுவிட்டுச் சொல்ல வாய் வராது. என் அப்பாவும் அப்படித்தான். ஜெர்மனிக்கு வந்து எழுதிக் கொடுத்த முதல் அன்ட்ராக்கில், அதாவது விண்ணப்பத்தில், வீட்டில் வசிப்பவர்கள் என்ற கட்டத்தில் மன்னாரில் விட்டுவந்த தம்பியையும் எழுதிவிட்டு, அந்த அலுவலகத்துக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தார்.

"பேர்பெச்சுவா தங்கச்சி, சும்மா ஒண்டை அழிச்சுவிடும். சனம் காத்துக்கொண்டு நிக்குது," என்றார் யோசேப்பு அண்ணை. மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்தது. அதனால் என்மேலும் அதிகாரம் இருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"ஏலாது," என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அழிப்பது பெரிய வேலை இல்லை. முதலில் வந்ததை வைத்துக்கொண்டு அடுத்ததை வெட்டு என்று எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும். அலுவலகத்தில் திருகாணிகளுக்கும் குழாய்களுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே தவறான அன்னாவை வெட்டினால், பிள்ளையை அது இல்லாத முகாமில் தேடுவார்கள். இதை யோசேப்பு அண்ணைக்கு யார் விளங்கப்படுத்துவது?

ராசனின் அக்கா பிளோறன்ஸை முன்னால் வரச் சொன்னேன். டோர்ட்மண்டிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். பிள்ளை இப்போது யாரோடு என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தேப்பனோட. டெல்சி போன கிழமை தன்ர வாயால சொன்னவள்."

ஒரு கன்னியாஸ்திரியின் தொலைபேசியை இரவல் வாங்கி டெல்சி பேசியிருக்கிறாள். போரின் கடைசி நாள், குண்டுகள் விழுந்த செல்லடிக்குள் ஆளுக்கொரு பக்கமாக ஓடியபோது, தகப்பன் ஓடிய பக்கம் அன்னாவும் ஓடினதைத் தன் கண்ணால் கண்டாளாம்.

தாயே சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும். அப்படியானால் தன் பதிவில் எதற்குப் பிள்ளையின் பெயரைக் கொடுத்தாள் என்று டெல்சியின்மேலும் கோபம் வந்தது. முகாமில் கிடக்கும் ஒரு தாயின்மேல், எசனில் கதிரை போட்டு இருந்துகொண்டு கோபப்படுவது அழகில்லைதான். வந்தது, நான் என்ன செய்ய.

டெல்சிக்குக் கீழே இருந்த அன்னாவைப் பிடித்து மரத்திலிருந்து நீக்கினேன். அந்தக் கிளையில் டெல்சி மட்டும் மிஞ்சினாள். அனுப்பினேன். இந்த முறை செய்தி திரும்பி வரவில்லை.

பின்னால் யாரோ கை தட்டினார்கள். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்போது யோசேப்பு அண்ணையின் ஹாண்டி அடித்தது; முகாம்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த கைத்தொலைபேசி எண் அதுதான். ராசன். முகாமில் யாரிடமோ கெஞ்சி ஒரு தொலைபேசி வாங்கியிருக்கிறான். இவ்வளவு நாளில் அவனுடைய குரல் கேட்பது இதுதான் முதல் தடவை. எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணை சத்தத்தைத் திறந்துவிட்டு, ஹாண்டியைப் பிளோறன்ஸ் அக்காவின் கையில் கொடுத்தார்.

நானும் எழுந்தேன். பதிவை ஒழுங்காகக் கொடுக்கச் சொல்லி அவனை நாலு வார்த்தை கேட்கத்தான் எழுந்தேன்.

அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, டெல்சியோட கதைச்சனீங்களோ? அன்னா தாயை விட்டிட்டு இருக்கமாட்டாள். டெல்சிக்குப் பின்னால ஓடினதைக் கண்டனான். அவளோடதானே நிக்கிறாள்?"

பிளோறன்ஸ் அக்கா பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் தம்பி," என்றார். "தாயோடதான்."

பிறகு ஹாண்டியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, அழிச்சதைத் திருப்பிப் போட ஏலாதோ?"