பதினோராவது வாரமும் முதலிடம்

சட்டம் போட்டு மாட்டியிருந்த பாடல் வரிசைப் பட்டியலின் முதல் வரியை மேதை கைக்குட்டையால் துடைத்தார். அவருடைய பாட்டு அங்கே பதினோராவது வாரமாக உட்கார்ந்திருந்தது. துடைத்து முடித்ததும் மிக்ஸிங் மேசை முன்னால் இருந்த மச்சான் பக்கம் திரும்பி, "இன்னியோட நீ நின்னுக்கலாம்" என்றார்.

மேதை என்பது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர். இசை அவர், வரிகள் அவர், குரல் அவர், தயாரிப்பும் அவர். ஒலிப்பதிவை மட்டும் மனைவியின் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பாட்டு படுத்துவிட்டால் திட்டுவதற்கு வீட்டோடு ஓர் ஆள் வேண்டுமே.

எட்டு வருஷமாகத் திட்டுக்குப் பஞ்சமில்லை. வருஷத்துக்கு ஒன்றாக வெளியிட்ட எட்டுப் பாட்டில் எட்டிப்பிடித்த மிக உயரமான இடம் தொண்ணூற்றேழு. அந்த வாரம் பட்டியலில் இருந்ததே தொண்ணூற்றெட்டுப் பாட்டுதான். ஒன்பதாவது பாட்டு மட்டும் விறுவிறுவென்று உச்சிக்குப் போய், இறங்க மனசில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியது.

"எட்டுப் பாட்டையும் கெடுத்தவன் நீதான்டா மச்சான். எப்ப வந்து பாத்தாலும் என் குரலை மியூட் பண்ணிட்டு டிரம்ஸையே நோண்டிக்கிட்டு இருப்பே."

"டிரம்ஸைத் தனியாக் கேட்டாத்தான் பிசிறு தெரியும் அத்தான்."

"எனக்கே பாடம் எடுக்காதே."

மச்சான் சரியென்று தலையாட்டினான். மேதையின் வீட்டு மாடி அறையில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு குடியிருப்பவன் அவன். வேலை போனால் அறையும் போகும், அறை போனால் நிற்க இடமில்லை.

மேதை ஒரு நோட்டையும் பேனாவையும் மேசையில் வீசினார். "நாளைக்குப் பெரிய படிப்புப் படிச்ச ஆள் ஒருத்தர் வர்றார். இந்தப் பாட்டுல என் குரலுக்கு நீ என்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சுட்டுப் போ. அடுத்த பாட்டுக்கும் அவர் அதையேதான் செய்யணும்."

"நான் ஒண்ணும் செய்யலையே அத்தான்."

"நீ எங்கே செஞ்சிருக்கப் போறே? கை தவறி எதையாவது திருகியிருப்பே. அது என்னன்னு எழுது."

மச்சான் பேனாவை எடுத்தான், பார்த்தான், வைத்தான். "நீங்களே ஒரு தடவை பாட்டைப் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"வெளியே விட்ட பாட்டை நான் என்னிக்குடா கேட்டிருக்கேன்? துப்பினதை எடுத்து எவனாவது மெல்லுவானா?"

"கடை, கார்னு போற இடத்துலயாவது காதுல விழுந்திருக்குமே."

"எங்கே விழ விடுதுங்க?" மேதையின் மூக்கு விடைத்தது. "பாட்டு ஆரம்பிச்சா போதும், கழுதைங்க எல்லாம் கூடவே கத்த ஆரம்பிச்சுடுதுங்க. அதையாவது ஒழுங்காக் கத்துதுங்களா? டாக்ஸிக்காரன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனதைப் பாடுறான். முடி வெட்டுறவன் அவன் முட்டிவலியைப் பாடுறான். நான் ஆறு மாசம் மண்டையை உடைச்சு எழுதின வரி ஒருத்தன் வாயிலயும் நிக்கலை. இதுங்களுக்குப் பாட்டு ஒரு கேடு."

மச்சான் ஒலிவாங்கியின் வயரை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"விஷயம் தெரிஞ்சவன் என்ன சொல்றான் பாரு." மேதை சுவரில் இன்னொரு சட்டத்தைக் காட்டினார். எட்டு வருஷமாக அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிய பத்திரிகையின் விமர்சனம் அது. 'இந்தப் பாடகரிடம் இப்படி ஓர் அடக்கத்தை நாம் எதிர்பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது.

"பத்திரிகையை விடு. உன் அக்கா. ஒன்பது பாட்டுல இது ஒண்ணைத்தான் கடைசி வரைக்கும் கேட்டா. இப்பத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்குன்னு மெச்சிக்கிட்டா. நேத்துக்கூட சமையலறையில போட்டுவிட்டுக் கூடவே பாடினா."

"அக்கா என்ன பாடினாங்க?"

"எங்கம்மாவைத் திட்டிப் பாடினா. அதையெல்லாம் நான் காதுல வாங்கறதில்லை." மேதை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பக் கேட்டுக்கோ. அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் குரல் மட்டும்தான். பாட்டை வாங்கி விக்கிற கம்பெனிக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு."

மச்சான் எழுந்தே விட்டான். "அது மட்டும் வேணாம் அத்தான். நான் போயிடுறேன், மாடியையும் காலி பண்ணிடுறேன். அது மட்டும் வேணாம்."

"பொறாமைடா உனக்கு. இவ்வளவு பெரிய வெற்றி, ஜீரணமாகலை. எழுதப் போறியா, இல்லை உன் பெட்டி படுக்கையை இப்பவே ரோட்டுக்கு அனுப்பட்டுமா?"

மச்சான் நோட்டை விரித்தான். எழுதுவதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதை எழுதக் கை வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வாயாலேயே சொன்னான்.

"உங்க குரலை மியூட்ல இருந்து எடுக்க மறந்துட்டேன் அத்தான்."