இரவல் பெஞ்சுகள்

தலைமை ஆசிரியர் கலியபெருமாள் பெஞ்சுகளை எடுத்துப்போக மாட்டுவண்டியோடு வந்திருந்தார்.

என் கூடத்தில் கிடந்த இரண்டும் அவர் பள்ளிக்கூடத்துடையவை. போன வாரம் அவற்றின் மேல்தான் இருதயமேரியின் சவப்பெட்டியை வைத்திருந்தோம்.

என் மனைவி. கலியபெருமாளின் பள்ளியில் கணக்கு டீச்சர்.

இப்போது அவற்றில் அவளிடம் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு வராதவர்கள். சர்க்கார் பரீட்சை நெருங்கிவிட்டது.

இவர்களுக்குச் சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொடுக்க, வருஷம் முழுக்க இதே பெஞ்சுகளைக் கேட்டாள். யுத்த காலம், உடைந்தால் மரம் கிடைக்காது என்று அவர் மறுத்தார்.

செத்தாள் என்றதும் கேட்காமலே அனுப்பிவைத்தார்.

"இன்னா தம்பி இது? சாவு வூட்டுக்குன்னு குடுத்தா, நீ பள்ளிக்கூடம் நடத்தறியே!"

"முப்பதாம் நாள் பூசை வரைக்கும் இது சாவு வூடுதான் சார்."

அதுவரை சாவு வீட்டு இரவலைத் திருப்பிக் கேட்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. பரீட்சை அதற்குள் முடிந்துவிடும். அதுவும் அவருக்குத் தெரியும்.

கலியபெருமாள், பெஞ்சுகளை ஏற்றச் சொல்லி வண்டிக்காரர் பச்சைமுத்துவுக்குக் கையசைத்தார். பச்சைமுத்து மாட்டை விட்டு நகரவில்லை.

"நா தொட மாட்டேன் சாமி. அந்தம்மா வந்து நிக்கும்."

வரட்டும் என்று நினைத்தேன்.

"புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே புடிவாதம். சரி, நடத்து. நீ இன்னா கிழிக்கறன்னு பாத்துட்டே போறேன்."

கலியபெருமாள் வாசலிலேயே நின்றுகொண்டார்.

வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்த தர்மவதி சாக்பீஸை எடுத்தாள். அரிசி மண்டி அப்பாண்டைநாதனின் மகள். கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டு ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் கிடைத்தவள். ஜைனர் வீடு. பொழுது சாய்வதற்குள் அவள் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். வீணாக்க நேரமில்லை.

நான் பெஞ்சின் நுனியில், பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். நான் காலேஜில் படித்தது சரித்திரம்.

"அரையும், மூணுல ஒரு பங்கும் சேந்தா எவ்ளோ? நீங்க சொல்லுங்க சார்."

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கலியபெருமாளும் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றேன், வாசல்வரை கேட்கும்படி. "முதல்லேருந்து சொல்லிக் குடு."