எல்லாம் ஒரே பக்கம்

மதிய வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக மேசைமேல் கோடு கோடாக விழுகிறது. ஆய்வுக்காரி மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுப்பதாக இல்லை. கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு எச்சில். அதற்குள் இவள் செய்த தூசி அளவுத் துகள்கள். தாமாகவே நீந்தி, எச்சிலைக் கலக்கி, சோதனைக்கு வைரஸைப் பிரித்துத் தரவேண்டியவை. தண்ணீரில் விட்டால் சிட்டாய்ப் பறக்கின்றன. எச்சிலில் விட்டால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிடுகின்றன. "எங்க வீட்டுக்காரர் மாதிரியே. ஊர் சுத்தணும்னா ஓடுவாரு, வேலைன்னா படுத்துக்குவாரு," என்கிறாள் கையுறையை உரிக்கும் தோழி. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துகள்கள் ஓடுவதைப் பார்க்கவே வந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் கதவுக்கு வெளியே நாற்காலிகளை நகர்த்துகிறார்கள். "ஓடித் தொலையேன், சனியனே." துகள்களை ஓடவைக்கும் மருந்தை இன்னொரு சொட்டு விடுகிறாள். ஒன்று அசைகிறது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே. "அடியே, ஓடுதுடி!" இவள் கத்தியது அறை முழுக்க எதிரொலிக்கிறது. தோழி கதவுக்குப் பாய்கிறாள். "இரு, திறக்காத." இவள் குரல் இறங்கிவிட்டது. "தானா ஓடினா ஆளுக்கொரு பக்கம் ஓடணும். இதுங்க எல்லாம் ஒரே பக்கம் போகுது. கூடவே ஒரு பஞ்சு நூலும் போகுது." அந்த ஒரு சொட்டு அதிகமாகி, எச்சில் கண்ணாடி ஓரமாக வழிந்துகொண்டிருக்கிறது, அத்தனையையும் சுமந்தபடி. கதவு தட்டப்படுகிறது. "ஓடுதுன்னு சத்தம் கேட்டுச்சே," என்கிறது ஒரு குதூகலமான குரல். "உள்ள வரலாமா?"